காது வளர்க்கப் போறீங்களா? நகை வாங்குறதுக்கு முன்னாடி இந்த மி.மீ. கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க!

கண்ணாடி முன்னால் நின்று காது மடலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. துளைக்குப் பின்பக்கம் சிவப்பாக ஒரு சதை வளையம் பிதுங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் சுருக்கென்று வலி. தலையணையில் மஞ்சளாக ஒரு கறை. அன்றைக்குத் தேதி, நான் காதை 'பெரிசாக்க' ஆரம்பித்து சரியாக 24-வது நாள்.

நடந்தது இதுதான். ரீல்ஸில் ஒரு வீடியோ பார்த்தேன். காதில் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை, அதற்குள் கறுப்பு வளையம். பார்க்க செம ஸ்டைலாக இருந்தது. ஆன்லைனில் ஒரு 'கிட்' ஆர்டர் போட்டேன். பிளாஸ்டிக் கூம்புகளும் வளையங்களும் சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக ஒரு டப்பாவில் வந்தன. எது எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நாள் இடைவெளி விடணும் என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. நண்பனின் கல்யாணத்துக்குள் நாலாவது சைஸ் போட்டுவிடணும் என்று ஒரு வெறி. நடுவில் ஒரு சைஸைத் தாண்டி, அடுத்ததை எண்ணெய் தடவி அழுத்தித் தள்ளினேன். 'டப்' என்று உள்ளே போனது. அப்போது ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

தோல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: "உங்க காதுக்கு ஆறு மாச வேலையை மூணு வாரத்துல கொடுத்திருக்கீங்க."

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை. காது வளர்ப்பதில் வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களால்தான் வருகின்றன: தப்பான சைஸ், தப்பான அவசரம். எந்த சைஸில் தொடங்கணும், எவ்வளவு நாள் பொறுக்கணும், எந்தப் பொருளில் நகை வாங்கணும், எப்போது நிறுத்தணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காது வளர்ப்பது நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் பாட்டிகள் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்குத் தண்டட்டியும் பாம்படமும் தெரியாமல் இருக்காது. தோள் வரை தொங்கும் காது, அதில் ஆடும் கனமான தங்க நகை. 2023-ல் பசுபதி, ரோகிணி நடித்து வெளிவந்த 'தண்டட்டி' படம் இந்த நகையைச் சுற்றித்தான் நடக்கிறது. 1906-ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளிலும் காது வளர்க்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது.

உலகம் முழுக்கவும் இது உண்டு. கென்யா, தான்சானியாவின் மாசாய் மக்கள், போர்னியோ தீவின் தயாக் மக்கள் எனப் பல சமூகங்கள் காது வளர்த்திருக்கின்றன. 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் பழைய 'ஏட்ஸி' என்ற மனிதனின் உடலிலும் காது மடல் துளையிட்டு விரிக்கப்பட்டிருந்தது.

காது மடலால் இப்படி விரிய முடிவதற்குக் காரணம், அதில் குருத்தெலும்பு கிடையாது. தோல், கொழுப்பு, நார்த்திசு மட்டும்தான். மெதுவாக இழுத்தால் புதுத் திசு உருவாகி அது இடம் கொடுக்கும். வேகமாக இழுத்தால் கிழியும். காதின் மேல் பகுதி அப்படியில்லை. அங்கே குருத்தெலும்பு இருப்பதால், இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் மேல் காதில் முயற்சி செய்ய வேண்டாம்.

கேஜ் என்றால் என்ன? எண் குறைந்தால் சைஸ் ஏன் கூடுகிறது?

கடையில் 14ஜி, 8ஜி, 0ஜி என்று சொல்வார்கள். 'ஜி' என்பது கேஜ். இது அமெரிக்காவில் உலோகக் கம்பியின் தடிமனை அளக்கப் பயன்படும் முறை. கம்பியை மெல்லிசாக்க, துளையுள்ள அச்சு வழியாகத் திரும்பத் திரும்ப இழுப்பார்கள். எத்தனை முறை அதிகம் இழுக்கிறோமோ, கம்பி அவ்வளவு மெல்லிசாகும். அதனால்தான் எண் கூடக்கூடத் தடிமன் குறைகிறது. 14ஜியை விட 8ஜி பெரிது. 8ஜியை விட 0ஜி பெரிது. அதற்கும் மேலே 00ஜி.

கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் அளவுகள் இவை:

- 20ஜி: 0.8 மி.மீ.
- 18ஜி: 1 மி.மீ.
- 16ஜி: 1.2 மி.மீ.
- 14ஜி: 1.6 மி.மீ.
- 12ஜி: 2 மி.மீ.
- 10ஜி: 2.4 மி.மீ. (சிலர் 2.5 என்பார்கள்)
- 8ஜி: சுமார் 3.2 மி.மீ.
- 6ஜி: 4 மி.மீ.
- 4ஜி: 5 மி.மீ.
- 2ஜி: 6 முதல் 6.5 மி.மீ.
- 0ஜி: 8 மி.மீ.
- 00ஜி: 9 முதல் 10 மி.மீ.

கடைசி மூன்றைக் கவனிச்சீங்களா? ஒரே '00ஜி' என்ற பெயரில் ஒரு கம்பெனி 9 மி.மீ. தரும், இன்னொரு கம்பெனி 10 மி.மீ. தரும். இரண்டு கடையில் இரண்டு ஜோடி வாங்கினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் காதுக்கு அது இரண்டு வேறு சைஸ். அதனால் முதல் விதி: கேஜ் எண்ணை நம்பி வாங்காதீங்க. மில்லிமீட்டர் என்ன என்று கேட்டு வாங்குங்க. மி.மீ. போடாத நகையை வாங்கவே வேண்டாம்.

'ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர்தானே!'

இங்கேதான் நான் ஏமாந்தேன். கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு போடுவோம்.

நகையின் விட்டத்தைத்தான் நாம் அளக்கிறோம். ஆனால் விரிய வேண்டியது துளையின் சுற்றளவு. வட்டத்தின் சுற்றளவு, விட்டத்தைப் போல சுமார் 3.14 மடங்கு. 2ஜியிலிருந்து (6 மி.மீ.) 0ஜிக்குப் (8 மி.மீ.) போகும்போது விட்டம் 2 மி.மீ. கூடுகிறது. ஆனால் சுற்றளவு 18.8 மி.மீ.யிலிருந்து 25.1 மி.மீ. ஆகிறது. அதாவது உங்கள் தோல் ஒரே நாளில் 6 மி.மீ.க்கு மேல் கூடுதலாக நீள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அதிகம்!

எந்தப் படி பெரிது, எது சின்னது என்று சதவீதத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும்:

- 1.6-லிருந்து 2 மி.மீ.: 25% அதிகம்
- 2-லிருந்து 2.4 மி.மீ.: 20% அதிகம்
- 2.4-லிருந்து 3.2 மி.மீ.: 33% அதிகம்
- 3.2-லிருந்து 4 மி.மீ.: 25% அதிகம்
- 4-லிருந்து 5 மி.மீ.: 25% அதிகம்
- 5-லிருந்து 6 மி.மீ.: 20% அதிகம்
- 6-லிருந்து 8 மி.மீ.: 33% அதிகம்
- 8-லிருந்து 10 மி.மீ.: 25% அதிகம்

கேஜ் வரிசையில் ஒவ்வொரு படியும் சமமான படி இல்லை என்பது இதில் தெரியும். 10ஜியிலிருந்து 8ஜிக்குப் போவதும், 2ஜியிலிருந்து 0ஜிக்குப் போவதும் பெரிய தாவல்கள். பலருக்குக் காயம் ஆவது இந்த இரண்டு இடத்தில்தான். தீர்வும் எளிது. நடுவில் 2.8 அல்லது 3 மி.மீ., 7 மி.மீ., 9 மி.மீ. என்று பாதி சைஸ்கள் கிடைக்கின்றன. அவற்றைத் தேடி வாங்குங்க. கிட்டில் பெரும்பாலும் இந்தப் பாதி சைஸ்கள் இருக்காது.

நான் செய்தது என்ன? 2 மி.மீ.யிலிருந்து நேராக 3.2 மி.மீ.க்குத் தாவினேன். 60% அதிகம். காது பிதுங்கியதில் ஆச்சரியமே இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் இப்போதைய அளவு தெரியணும். ஹார்டுவேர் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று வாங்கிக்கோங்க. இப்போது நீங்கள் போட்டிருக்கும் தோட்டின் தண்டை அதில் அளந்து பாருங்க. சாதாரண ஸ்டட் தண்டுகள் பெரும்பாலும் 0.8 முதல் 1 மி.மீ. இருக்கும். அதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து நேராக 1.6-க்குப் போகாமல் 1.2 மி.மீ. போட்டு, அப்புறம் 1.6.

அளக்க வேண்டியது இன்னும் மூன்று இருக்கிறது.

ஒன்று, மடலின் தடிமன். நகையின் நீளம் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கணும். குறைவாக இருந்தால் இரண்டு பக்கமும் மடலை நெரிக்கும், ரத்த ஓட்டம் குறையும். காது வீங்கினாலும் இடம் இருக்கணும்.

இரண்டு, துளைக்குக் கீழே எவ்வளவு சதை இருக்கிறது. ஓட்டை பெரிதாகப் பெரிதாக, கீழ் விளிம்பு மெல்லிசாகிக்கொண்டே போகும். சின்ன வயதில் விளிம்போரமாகக் குத்திவிட்டிருந்தால், ஆரம்பிக்கும் முன்பே அனுபவமுள்ள பியர்ஸரிடம் காட்டிக் கேளுங்க.

மூன்று, இரண்டு காதும் ஒரே அளவா? ஒரு பக்கம் சின்னதாக இருந்தால் அதை முதலில் மற்றதன் அளவுக்குக் கொண்டுவாங்க. பெரிய காதின் அளவை வைத்து இரண்டுக்கும் ஒரே ஜோடி வாங்கிச் சின்னக் காதில் திணிக்கக் கூடாது.

முக்கியமான இன்னொரு விஷயம். வருஷக்கணக்காகக் கனமான ஜிமிக்கி, தொங்கட்டான் போட்டு ஓட்டை கோடு மாதிரி கீழே இறங்கியிருக்கிறதா? அது 'வளர்ந்த' காது இல்லை, பாதி கிழிந்த காது. அதில் மேற்கொண்டு பெரிசாக்க ஆரம்பித்தால் முழுசாக அறுந்துவிடும். முதலில் மருத்துவரைப் பாருங்க.

எவ்வளவு நாள் பொறுக்கணும்?

புதுசாகக் குத்திய மடல் வெளியே ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறியது போலத் தெரியும். உள்ளே அப்போதும் வேலை நடந்துகொண்டிருக்கும். காயம் ஆறும்போது உடல் முதலில் அவசரத்துக்கு ஒரு வலுவில்லாத கொலாஜன் நாரைப் போட்டு அடைக்கும். பிறகு மாதக்கணக்கில் அதை எடுத்துவிட்டு உறுதியான நாரால் மாற்றிக் கட்டும். இந்த மறுகட்டுமானம் முடியும் முன் அடுத்த சைஸைத் தள்ளினால், ஈரம் காயாத சுவரில் ஆணி அடிப்பது போலத்தான்.

அதனால் புதிதாகக் குத்தியவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் காத்திருந்துவிட்டுத் தொடங்குவது நல்லது. அதன் பிறகு, பியர்ஸர்கள் பொதுவாகச் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி இது:

- 3 மி.மீ. வரை: ஒவ்வொரு படிக்கும் 6 முதல் 8 வாரம்
- 3 முதல் 6 மி.மீ. வரை: 2 முதல் 3 மாதம்
- 6 மி.மீ.க்கு மேல்: 3 மாதம் அல்லது அதற்கும் மேல்

இது குறைந்தபட்சம்தான். நாள் முடிந்துவிட்டது என்பதற்காகத் தள்ளக் கூடாது. இப்போதைய நகை தளர்வாக, இழுவை இல்லாமல் நகர்கிறதா, தோலில் வலி, சிவப்பு, பொருக்கு எதுவும் இல்லையா என்று பாருங்க. இரண்டும் 'ஆமாம்' என்றால்தான் அடுத்த சைஸ். இந்தக் கணக்குப்படி 1 மி.மீ.யிலிருந்து 8 மி.மீ.க்குப் போகக் குறைந்தது ஒன்றரை வருடம் ஆகும். 'மூணு மாசத்துல 0ஜி' என்று சொல்லும் வீடியோவைப் பார்த்தால் ஸ்க்ரோல் பண்ணிப் போய்க்கிட்டே இருங்க.

எந்தப் பொருளில் வாங்கணும்?

விரித்தவுடன் உள்ளே இருக்கும் தோல் காயத்துக்குச் சமம். அதனால் 'விரிக்கும்போது போடுவது', 'ஆறிய பிறகு போடுவது' என்று இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளணும்.

*விரிக்கும்போது போடலாம்:* உடலுக்குள் வைக்கும் தரத்திலான டைட்டானியம் (தர எண் ஏ.எஸ்.டி.எம். எஃப்136), அதே தரத்திலான ஸ்டீல் (எஃப்138), நையோபியம், போரோசிலிகேட் கண்ணாடி. கண்ணாடி என்றதும் பயப்பட வேண்டாம். ஆய்வகக் குடுவை செய்யும் அதே வகைக் கண்ணாடிதான். வழவழப்பாக இருப்பதால் சுலபமாக நழுவும், கொதிநீராவியில் கிருமி நீக்கவும் முடியும்.

*விரிக்கும்போது போடவே கூடாது:* அக்ரிலிக் (என் கிட்டில் வந்தது இதுதான்), சிலிகான், மரம், எலும்பு, கொம்பு. அக்ரிலிக்கில் சீக்கிரம் கீறல் விழும். அந்தக் கீறலில் கிருமி தங்கும். சூட்டில் கிருமி நீக்கப் பார்த்தால் வளைந்துவிடும். மரமும் எலும்பும் ஈரத்தை உறிஞ்சும். சிலிகான் தோலோடு ஒட்டி, உள்ளே தள்ளும்போது காதைக் கிழிக்கும். காது முழுசாக ஆறிய பிறகு மரம், கொம்பு நகைகளைப் போட்டுக்கொள்ளலாம். குளிக்கும்போது கழற்றிவிடணும்.

'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்ப வேண்டாம். அந்தச் சொல்லுக்குள் பல தரம் ஒளிந்திருக்கிறது. தர எண் கேளுங்க. மட்டமான உலோகக் கலவையில் இருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பையும் நீர்க்கசிவையும் உண்டாக்கும். கவரிங் தோடு போட்டாலே காது அரிக்கிறது என்றால், உங்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு அதிகம். டைட்டானியமே உங்களுக்குப் பாதுகாப்பு.

'தங்கத்துல போடலாமே?' என்று வீட்டில் கேட்பார்கள். நம்ம ஊர் 22 கேரட் தங்கம் ரொம்ப மிருது. சீக்கிரம் கீறல் விழும். விரிக்கும் வேலைக்கு 14 அல்லது 18 கேரட், அதுவும் நிக்கல் கலக்காததுதான் ஏற்றது. முலாம் பூசியது வேண்டவே வேண்டாம். வெள்ளியும் புதுக் காயத்துக்கு ஆகாது, கறுத்துவிடும்.

எந்த வடிவம்?

- டேப்பர்: ஒரு முனை கூர்மையாக, மறுமுனை தடிமனாக இருக்கும் கூம்பு. இது நகையை உள்ளே கொண்டுபோகும் கருவி மட்டும்தான். இதையே காதில் மாட்டிக்கொண்டு சுற்றக் கூடாது. எடை ஒரு பக்கமாக இழுத்து, மடலைச் சீரில்லாமல் மெலியவைக்கும்.
- ஒரு பக்க விளிம்புப் பிளக்: முன்பக்கம் மட்டும் விரிந்திருக்கும், பின்பக்கம் ரப்பர் வளையம் போட்டு நிறுத்தலாம். புதுசாக விரிப்பவர்களுக்கு இதுதான் சரி.
- இரண்டு பக்க விளிம்புப் பிளக்: விளிம்பு, எழுதியிருக்கும் சைஸைவிட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இருக்கும். 8 மி.மீ. என்று வாங்கினால் உள்ளே போகும்போது காது 9 அல்லது 10 மி.மீ. விரிய வேண்டியிருக்கும்! ஆறிய காதுக்கு மட்டும்தான் இது.
- டன்னல்: நடுவில் ஓட்டை உள்ள பிளக். எடை குறைவு. பெரிய சைஸ்களுக்கு வசதி.

போடும் நாளில் என்ன செய்யணும்?

சுடுநீரில் குளித்துவிட்டு வந்தால் தோல் தளர்ந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. நகையைக் கிருமி நீக்கியிருக்கணும். ஜோஜோபா எண்ணெய் அல்லது தண்ணீர் சார்ந்த வழுக்குத் திரவம் தடவி, மெதுவாக வையுங்க. சரியான சைஸ், சரியான நேரம் என்றால் அது லேசான இறுக்கத்தோடு தானாக உள்ளே போகும். வலி, எரிச்சல், ரத்தம் மூன்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திட்டுப் பழைய சைஸைப் போட்டு, இன்னும் ஒரு மாதம் பொறுங்க. 'கொஞ்சம் வலிச்சாதான் வளரும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

பிறகு சில நாட்களுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9% ஸ்டெரைல் சலைனால் துடைத்தால் போதும். ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு புதுத் திசுவைக் காயவைக்கும். மஞ்சள் குழைத்துப் போடுவது நம் வீட்டுப் பழக்கம், ஆனால் திறந்த காயத்தில் எந்தப் பொடியும் வேண்டாம். முழுசாக ஆறிய பிறகு தினமும் ஐந்து நிமிடம் தேங்காய் எண்ணெயோ ஜோஜோபா எண்ணெயோ தடவி மடலை மெதுவாக நீவிவிட்டால், தோல் மிருதுவாக இருக்கும்.

இந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்துங்க

- துளையின் பின்பக்கம் உதடு போலச் சதை பிதுங்குவது. எனக்கு வந்தது இதுதான். 'புளோஅவுட்' என்பார்கள். உடனே ஒன்றிரண்டு சைஸ் கீழே இறங்கணும். அப்படியே விட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.
- மடலின் ஒரு இடம் மட்டும் மெலிந்து, கண்ணாடி மாதிரித் தெரிவது.
- வீக்கம், சூடு, பச்சை அல்லது மஞ்சள் சீழ், காய்ச்சல். நீங்களாகவே நகையைப் பிடுங்கிப் போடாமல் மருத்துவரிடம் போங்க. துளை வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.
- தழும்பு, காயத்தின் எல்லையைத் தாண்டிக் கட்டியாக வளர்வது. இது கீலாய்டு.

கீலாய்டு விஷயத்தில் நாம் கூடுதல் கவனமாக இருக்கணும். மாநிறம், கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். காது மடல் அது அடிக்கடி வரும் இடம். உங்களுக்கோ அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களுக்கோ காது குத்திய இடத்தில், தடுப்பூசி போட்ட இடத்தில் கட்டி வளர்ந்திருந்தால், காது வளர்க்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வேண்டாம்னு தோணினா மூடிக்குமா?

இதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. பொதுவாக 6 முதல் 8 மி.மீ.க்குள் நிறுத்தினால் ஓரளவு சுருங்கலாம் என்பார்கள். சிலருக்கு 4 மி.மீ.யிலேயே சுருங்காமல் நின்றுவிடும். மெதுவாக விரித்தவர்களுக்குத் திரும்பச் சுருங்கும் வாய்ப்பு அதிகம். காயப்பட்டு விரிந்த காது தழும்பேறி அப்படியே நின்றுவிடும்.

சுருங்காவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜன்கள் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விரிந்த விளிம்பை வெட்டி, மடலை ஒழுங்காக்கித் தைப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். சில மாதம் கழித்து, தையல் கோட்டைத் தவிர்த்து வேறு இடத்தில் மறுபடி காது குத்திக்கொள்ளலாம். ஆனால் தழும்பு கொஞ்சமாவது இருக்கும். அதனால் 'எவ்வளவு பெரிசா போகலாம்' என்று யோசிக்கும் முன், 'பத்து வருஷம் கழிச்சும் இந்த சைஸ் எனக்கு ஓகேவா' என்று ஒருமுறை யோசிச்சுக்கோங்க.

அப்பத்தா சொன்ன கணக்கு

காதில் பஞ்சோடு ஊருக்குப் போனேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமம். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வடிந்த காது இரண்டும் வெறுமனே தொங்கும். அதில் கிடந்த தண்டட்டி, அப்பாவின் பாலிடெக்னிக் ஃபீஸுக்காக அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். என் மடலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள்லய்யா இம்புட்டுப் பெருசாக்குன?" என்று கேட்டார்.

"மூணு வாரம், அப்பத்தா."

"அடப் பாவி! எனக்கு நாலு வருசமய்யா."

அப்புறம் சொன்னார். காது குத்தி ஆறின பிறகு முதலில் பஞ்சுத் திரி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமனாக்குவார்களாம். பிறகு பனையோலைச் சுருள். சுருட்டி வைத்த ஓலை மெல்ல விரிய விரிய, காதும் அது போக்கில் விரியும். நெருப்பாக எரிந்தால் ஓலையை எடுத்துவிட்டு ஆறப் போடுவார்கள். கடைசியில்தான் குணுக்கு எனும் ஈய வளையம், கனத்துக்காக.

"எங்க அக்காளுக்கு அவசரப்பட்டு சீக்கிரமே குணுக்கை மாட்டிவிட்டுட்டாக. ஒரு பக்கம் அந்து போச்சு. சாகிற மட்டும் அந்தப் பக்கத்தைச் சேலையால மூடிக்கிட்டேதான் கெடந்தா" என்றார். பிறகு என் காதை விட்டுவிட்டு, "ஆசைப்பட்டா வளத்துக்க. ஓலை மாதிரி வளரு. குணுக்கு மாதிரி இழுக்காத" என்றார்.

ஓலைச்சுருளில் இருப்பதும் பாதி சைஸ் கணக்குதான். ஒரே நாளில் தாவாமல், தோல் விடும் அளவுக்கு மட்டும் விரிவது. அவர்களிடம் காலிப்பர் இல்லை, வலியை வைத்தே அளந்தார்கள்.

நான் இப்போது 1.6 மி.மீ. டைட்டானியத்தில் இருக்கிறேன். பிதுங்கிய சதை உள்ளே போக நாலு மாதம் ஆனது. பின்பக்கம் லேசாக ஒரு தழும்பு மட்டும் மிச்சம். அடுத்து 2 மி.மீ. போடலாமா, இதோடு நிறுத்திவிடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அப்பத்தா காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார்: "வலிக்குதாய்யா?" இல்லை என்று உண்மையாகச் சொல்ல முடிகிற வரைக்கும், அடுத்த சைஸ் டப்பாவிலேயே இருக்கட்டும்.

சுருக்கமாக:

- கேஜ் எண் வேண்டாம், மி.மீ. பார்த்து வாங்குங்க.
- ஒரு நேரத்தில் ஒரே படி. 2.4-லிருந்து 3.2, 6-லிருந்து 8, 8-லிருந்து 10 போகும்போது பாதி சைஸ் கட்டாயம்.
- ஒவ்வொரு படிக்கும் நடுவே குறைந்தது 6 முதல் 8 வாரம், பெரிய சைஸுக்கு 3 மாதம்.
- விரிக்கும்போது டைட்டானியம், நையோபியம், தரமான ஸ்டீல், கண்ணாடி. அக்ரிலிக்கும் சிலிகானும் வேண்டாம்.
- வலித்தால் நிறுத்துங்க. பிதுங்கினால் சைஸைக் குறைங்க. சீழ் வந்தால் மருத்துவரிடம் போங்க.
- குடும்பத்தில் கீலாய்டு இருந்தால் தொடங்கவே வேண்டாம்.